130 டாலர் கிரயப் பத்திரம்

சூப்பர்மேன் என்கிற படக்கதை வீரனைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறோம் என்று நாம் சொன்னவுடன் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "மலையைத் தூக்கினான், கடலைத் தாண்டினான் என்கிற கதைகளை நம்பாதே என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிற நீங்களா, மோட்டார் காரைத் தலைக்கு மேல் தூக்குகிறவனைப் பற்றி எழுதுவது?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சூப்பர்மேனை நம்பு என்று எவனும் எவனையும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் கதையைப் படித்தால் புண்ணியம் என்றோ, படிக்காவிட்டால் பாவம் என்றோ எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. கதை என்று சொல்லியே, பத்து சென்ட் என்று அட்டையில் விலை போட்டு விற்கப்பட்ட கதை அது. அதனோடு நமக்குச் சண்டை கிடையாது. நாம் எழுத வந்தது அந்தக் கற்பனை மனிதனைப் பற்றியல்ல; அவனைக் கற்பித்த இரண்டு நிஜ மனிதர்களைப் பற்றி. விசேஷமாக ஜெர்ரி சீகல் என்பவரைப் பற்றி. இன்று நம் ஊர்ச் சந்தைகளில் விற்கும் பிள்ளைகளின் சட்டைகளில்கூட அவன் மார்பு முத்திரையைப் பார்க்கலாம். அந்தச் சட்டையைப் போட்டிருக்கும் பிள்ளையின் தகப்பனாரைக் கூப்பிட்டு, இவனை உண்டாக்கியது யார் என்று கேளுங்கள். நூற்றில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம். அது அவர் குற்றமல்ல. தெரியாதபடி செய்யப்பட்டது. எப்படிச் செய்தார்கள் என்பதே நம் விஷயம்.

சீகல் 1914-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாண்ட் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடைக்குள் திருடர்கள் புகுந்த ஒரு நாள் இரவு, அங்கேயே மார் அடைத்து இறந்துபோனார். பையனுக்கு அப்போது வயது 17. குண்டு பட்டாலும் சாகாத ஒருவனை இந்தப் பையன் ஏன் கற்பித்தான் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்தச் சம்பவத்தைத்தான் காட்டுகிறார்கள். இருக்கலாம். பிறர் மனதுக்குள் புகுந்து பார்த்துச் சொல்ல நாம் ஜோசியக்காரர்களல்ல.

அவருடைய பள்ளிக்கூடத் தோழர் ஜோ ஷஸ்டர். அதே வருஷத்தில் கனடாவிலுள்ள டொராண்டோவில் பிறந்து, சிறு வயதில் கிளீவ்லாண்டுக்கு வந்தவர். இவரும் ஏழை யூதக் குடும்பம். சீகல் கதை எழுதுவார், ஷஸ்டர் படம் போடுவார். படம் போடுவதற்கு மேஜை கிடையாது. தாயார் ரொட்டிக்கு மாவு பிசைகிற பலகையின் மேல் காகிதத்தை வைத்து வரைந்ததாக ஷஸ்டரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு ரொட்டி சுட வேண்டுமென்றால் சூப்பர்மேன் இறங்கி வழிவிட வேண்டும்! உலகமே வேலையில்லாமல் திண்டாடிய காலம் அது. அந்தப் பலகையின் மேல்தான் இன்றைக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிற அந்த உருவம் உண்டாயிற்று.

இவர்கள் கற்பித்த ஆசாமி முதலில் என்ன செய்தான் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது சினிமாவில் பார்க்கிறவர்கள் அவன் ஆகாயத்தில் பறந்து வேற்றுக் கிரகத்து ராக்ஷசர்களோடு மல்லுக்கு நிற்பதைத்தான் அறிவார்கள். 1938-ல் வந்த முதல் கதையில் அவனுக்குப் பறக்கவே தெரியாது. இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டிக் குதிப்பான், அவ்வளவுதான். அந்த ஒரே கதையில், குற்றமில்லாத ஒரு பெண்ணை மின்சார நாற்காலிக்கு அனுப்ப இருந்த அநியாயத்தைத் தடுக்கிறான். பெண்டாட்டியை அடிக்கிற ஒருவனைப் பிடித்துச் சுவரில் மோதுகிறான். பணக்காரர்களுக்குத் தரகனாக இருப்பவனோடு கூடிக்கொண்டு தேசத்தை யுத்தத்தில் மாட்டிவிடப் பார்க்கிற சட்டசபைப் பிரபுவின் குட்டை உடைக்கப் புறப்படுகிறான். அடுத்த இதழில் ஆயுத வியாபாரி ஒருவனை யுத்தகளத்துக்கே கொண்டுபோய், உன் குண்டு எப்படிச் சுடுகிறது என்று நீயே பார் என்று சிப்பாயாக நிறுத்துகிறான். மூன்றாவது இதழ் இன்னும் ருசி. சுரங்கத்தில் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வைக்காத முதலாளியும், அவன் வீட்டு விருந்துக்கு வந்த கனவான்களும் சீமாட்டிகளும் வேடிக்கை பார்க்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். சுரங்கம் அடைத்துக்கொள்கிறது. அபாயமணியை அடித்தால் அது வேலை செய்யவில்லை. வேலை செய்யாத மணியை அங்கே வைத்தது யார்? அதே முதலாளிதான்!

இதை எழுதியவருக்கு 23 வயது. கொடுமை எங்கே இருக்கிறது என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னுடைய கொடுமை எந்த மேஜையின் மேல் தயாராகிறது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

இந்த வீரனைத் தூக்கிக்கொண்டு நாலைந்து வருஷ காலம் பத்திரிகைக் கம்பெனிகளின் வாசற்படிகளை இவர்கள் மிதித்தார்கள். ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் நியூயார்க்கிலிருந்த ஒரு கம்பெனி, "ஆக்ஷன் காமிக்ஸ்" என்று புதிதாகத் தொடங்க இருந்த மாதப் புஸ்தகத்துக்குப் பக்கம் நிரப்பச் சரக்கு தேடியது. அக்கம்பெனியின் முதலாளி ஹாரி டோனன்பெல்டு, கணக்குப் பார்க்கிறவர் ஜாக் லீபோவிட்ஸ். 1935 முதலே துப்பறியும் கதைகளும் மற்றதும் எழுதி, பக்கக் கூலி வாங்கிக்கொண்டிருந்த இந்தப் பையன்களை அவர்களுக்குத் தெரியும். பக்கத்துக்கு 10 டாலர், பதிமூன்று பக்கம், ஆக 130 டாலர் என்று கணக்குப் போட்டார்கள். பழைய பாக்கிகளோடு சேர்த்து 412 டாலருக்கு 1938 மார்ச் 1-ந் தேதியிட்டு ஒரு காசோலை வந்தது. அதோடு கையெழுத்துப் போட ஒரு கடுதாசியும் வந்தது. அந்தக் காசோலையில் சீகல் பெயரும் பிழை, ஷஸ்டர் பெயரும் பிழை! பாங்கியில் பணம் வாங்குவதற்காகப் பின்பக்கத்தில் இரண்டு விதமாகவும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. பெயரைச் சரியாக எழுதத் தெரியாதவர்களுக்கு அந்தப் பெயருக்குரியவர்களின் சொத்தை மட்டும் "என்றென்றைக்கும்" என்று எழுதி வாங்கத் தெரிந்திருந்தது.

நிற்க. கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பேசுகிறோம் என்பார்கள். பணம் போட்டவர்கள் அவர்கள். நஷ்டம் வந்தால் தாங்கவேண்டியவர்களும் அவர்கள். அவர்கள் அச்சிட்டிராவிட்டால் அந்தப் படம் பலகையோடு கிடந்திருக்கும். இதை நாம் மறுக்கவில்லை. அன்றியும், பிறகு வந்த வருஷங்களில் சீகலும் ஷஸ்டரும் நன்றாகவே சம்பாதித்தார்கள், பத்திரிகைத் தொடரில் ஒரு பங்கும் வந்தது, வீடு வாங்கினார்கள். ஆனால் எழுதினால்தான் பணம், வரைந்தால்தான் பணம். அவர்கள் எழுதாமலும் வரையாமலும் பொம்மையிலும், ரேடியோவிலும், சினிமாவிலும், சட்டையிலும் பணம் யாருக்கு வந்தது என்பதுதான் கேள்வி.

"அவர்களாகத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆம், போட்டார்கள். பசித்தவன் போட்ட கையெழுத்தும் பணக்காரன் போட்ட கையெழுத்தும் மையில் ஒன்றாகத்தான் இருக்கும். நாலைந்து வருஷம் ஒருவரும் வாங்காத சரக்கை ஒருவன் வாங்குகிறேன் என்றால், அவன் நீட்டுகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பேரம் பேச எந்தப் பையனால் முடியும்? மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலைமை இருந்தாலல்லவா சரி என்று சொன்னதற்கு மதிப்பு?

இதையாவது விட்டுவிடுவோம். அந்தக் கம்பெனியே தன் நடத்தையால் சொன்ன சாட்சியத்தைப் பாருங்கள். 1939-ல் வேறொரு கம்பெனி "ஒண்டர்மேன்" என்று ஒருவனைக் கிளப்பியது. உடனே நம் கம்பெனியார் கோர்ட்டுக்கு ஓடி, எங்கள் சூப்பர்மேன் தனித்த சிருஷ்டி, இதை மற்றவன் காப்பியடிக்கலாகாது என்று வழக்காடினார்கள். 1940-ல் மேல் கோர்ட்டிலும் ஜெயித்தார்கள். பிறகு "காப்டன் மார்வல்" என்று பாசெட் கம்பெனியார் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மேல் வழக்குப் போட்டு வருஷக் கணக்கில் இழுத்தடித்து 1953-ல் நாலு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ராஜி செய்துகொண்டார்கள். ஆக, சூப்பர்மேனைப் போல ஒருவனைச் செய்ததற்கு அபராதம் நாலு லட்சம். சூப்பர்மேனையே செய்ததற்குக் கூலி நூற்று முப்பது! காப்பியடித்தவனிடம் பேசும்போது அது விலை மதிக்க முடியாத சிருஷ்டி; பெற்றவனிடம் பேசும்போது அது பதிமூன்று பக்கம் கூலி வேலை. ஒரே வாய் இரண்டையும் சொல்லிற்று. இது எந்த ஊர்த் தராசு என்று கேட்கிறோம்.

யுத்தம் வந்தது. 1940 பிப்ரவரியில் சீகலும் ஷஸ்டரும் ஒரு பத்திரிகையில், சூப்பர்மேன் ஹிட்லரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துவதாக இரண்டு பக்கப் படக்கதை போட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் நாஜிகளின் கருஞ்சட்டைப் படையாரது பத்திரிகை, சீகலின் பெயரைச் சொல்லி, அவர் யூதர் என்பதைச் சொல்லி, அசிங்கமாக வைதது. நாங்களே உயர்ந்த பிறவி, மற்றவனெல்லாம் தாழ்ந்த பிறவி என்று சொல்லித் திரிந்தவர்களுக்கு, தாழ்ந்தவன் என்று அவர்கள் ஒதுக்கிய ஒருவன் "மேலான மனிதன்" என்று ஒருவனைக் கற்பித்து, அவனை எளியவர்களுக்கு ஊழியம் செய்யவும் விட்டது பொறுக்குமா? ஹிட்லர் கூட்டத்தாருக்கே சீகல் பெயர் தெரிந்திருந்தது. அவருடைய சொந்த முதலாளிகள்தான் அதை மறக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

1943-ல் சீகல் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு ஹவாய்த் தீவுக்குப் போனார். ஷஸ்டருக்குக் கண் மோசம், பட்டாளம் எடுத்துக்கொள்ளவில்லை. சூப்பர்மேனின் பிள்ளைப் பருவத்தைத் தனிக் கதையாக எழுதலாம், "சூப்பர்பாய்" என்று பெயர் வைக்கலாம் என்று சீகல் 1938-லேயே கம்பெனிக்கு எழுதியிருந்தார். வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அவர் பட்டாளத்தில் இருக்கிற சமயம் பார்த்து, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு காசு கொடுக்காமல், அதே சூப்பர்பாயை அச்சிட்டு விற்க ஆரம்பித்தார்கள்! தேசத்துக்காக ஒருவன் வீட்டை விட்டுப் போயிருக்கும்போது வீட்டுக்குள் புகுந்து சாமானை எடுத்தால் அதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. கம்பெனி எடுத்தால் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

1947-ல் இருவரும் நியூயார்க் மாகாணக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். சூப்பர்பாய் விஷயத்தில் சீகல் பக்கமே நியாயம் என்று தீர்ப்பாயிற்று. சூப்பர்மேன் விஷயத்தில் 1938 கடுதாசி செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். 1948-ல் சுமார் 94,000 டாலருக்கு ராஜி. சூப்பர்பாயையும் எழுதிக்கொடுத்துவிட வேண்டியது. பெரும்பங்கு வக்கீல்களுக்குப் போயிற்று. வேலையும் போயிற்று.

பணம் போனதைக்கூடப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். அடுத்து நடந்ததைத்தான் நம் தோழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் "ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும்" என்று இரண்டு பெயர்கள் அச்சாகிவந்தன. வழக்குக்குப் பிறகு அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுக்க வேண்டும்? பெயரை அச்சிட ஒரு டாலர் அதிகம் செலவாகுமா? மை அதிகம் பிடிக்குமா? ஒன்றுமில்லை. கேள்வி கேட்டவனுடைய மானத்தை வாங்க வேண்டும். நாளைக்கு வேறு எவனும் கேட்கக்கூடாது. இதுதான் காரணம். கூலியைக் குறைப்பவன் வயிற்றில் அடிக்கிறான். பெயரை எடுப்பவன், நீ இருந்ததே இல்லை என்கிறான்.

இருவரும் சேர்ந்து 1948-ல் "பன்னிமேன்" என்று ஒரு கோமாளி வீரனைக் கொண்டுவந்தார்கள், ஓடவில்லை. ஷஸ்டரின் கண் வரவர மங்கி, படம் வரைகிற தொழிலே கைவிட்டுப் போயிற்று. ஒரு காலத்தில் தேசம் முழுவதும் தேடிய கை, கடுதாசிக் கட்டுகளைச் சுமந்து வீட்டுக்கு வீடு கொடுக்கிற வேலைக்கு வந்தது. சீகல் 1959-ல் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போனார். எப்படிப் போனார்? தான் பெற்ற பிள்ளைக்குத் தானே பெயரில்லாத கூலி எழுத்தாளராக! சூப்பர்மேன் கதையை எழுதுவார். எழுதியவர் பெயர் இராது. அந்த வருஷங்களில் வந்த கதைகளில் மிகவும் நன்றாக இருந்தவை பல அவர் எழுதியவை என்பது வாசகர்களுக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. 1960-களின் நடுவில் உரிமையைத் திரும்பக் கேட்கத் தொடங்கினார்; அந்தக் கூலியும் நின்றது. மறுபடியும் கோர்ட். 1974-ல் மேல் கோர்ட்டார், கம்பெனிக்கு வருவதற்கு முன்பே இவர்கள் சூப்பர்மேனை உண்டாக்கியிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, ஆனாலும் அந்தக் கடுதாசி கடுதாசிதான் என்று கம்பெனி பக்கமே தீர்த்தார்கள்.

1975-ல் சீகலுக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சர்க்கார் ஆபீஸில் சொற்பச் சம்பளத்துக் குமாஸ்தா. சூப்பர்மேனைப் பெரிய செலவில் சினிமாவாக எடுக்கப் போகிறார்கள், உரிமைக்கு லட்சக்கணக்கில் பேசியிருக்கிறார்கள் என்கிற செய்தி வந்தது. மனிதர் வயிறு எரிந்து ஒரு நீண்ட அறிக்கை எழுதி, தேசத்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் அனுப்பினார். அதில் அந்தச் சினிமா நாசமாய்ப் போக வேண்டும் என்று சாபமும் கொடுத்தார்.

சாபத்தைப் பற்றி நம் அபிப்பிராயம் தோழர்களுக்குத் தெரியும். இந்தச் சாபமும் மற்றச் சாபங்களைப் போலவே பலித்தது! 1978 டிசம்பரில் படம் வெளிவந்து பணத்தை வாரிக் குவித்தது. ஆனால் அறிக்கை பலித்தது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்கிற இரண்டு படக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது நம் எல்லோருடைய சங்கதி என்று கிளம்பினார்கள். படக்காரர்கள் சங்கம் பேசிற்று. பத்திரிகைகள் எழுதின. டெலிவிஷனில் காட்டினார்கள். கண் தெரியாத ஒரு கிழவரையும், குமாஸ்தாக் கிழவர் ஒருவரையும் ஊரார் பார்த்தார்கள். சினிமாவுக்கு விளம்பரம் செய்ய வேண்டிய வேளையில் இது என்ன தலைவலி என்று கம்பெனியாருக்குத் தோன்றிற்று. 1975 டிசம்பரில் ஆளுக்கு வருஷம் 20,000 டாலரும் வைத்தியச் செலவும் கொடுக்க ஒப்பினார்கள். அப்போதும் பெயரைப் போட மட்டும் முரண்டினார்கள். பணம் தருகிறோம், பெயர் எதற்கு என்கிற பேச்சு! பெயர் இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று ராபின்சன் நின்றார். பெயர் திரும்ப வந்தது. சட்டம் கொடுக்காததை, நீதிபதி கொடுக்காததை, சக தொழிலாளிகள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. முடியவில்லை. 1976-ல் அமெரிக்க சர்க்கார் புதுச் சட்டம் செய்தார்கள். பழைய புஸ்தகங்களின் உரிமைக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக, அந்தக் காலத்தில் விற்றுவிட்ட ஆசிரியனும் அவன் வாரிசும் 56 வருஷம் கழித்து நோட்டீஸ் கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்கலாம் என்று ஒரு கதவையும் வைத்தார்கள். ஷஸ்டர் 1992 ஜூலையில் இறந்தார். கடன் வைத்துவிட்டுப் போனார். கம்பெனியார் அவர் சகோதரியிடம், கடனைத் தீர்க்கிறோம், வருஷம் 25,000 டாலர் தருகிறோம் என்று ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். மறுபடியும் ஒரு கடுதாசி! சீகல் 1996 ஜனவரியில் இறந்தார். மறு வருஷம் அவருடைய மனைவி ஜோவானும் மகளும் நோட்டீஸ் கொடுத்தார்கள். லோயிஸ் லேன் என்கிற பாத்திரத்துக்குப் படம் வரைய இளவயதில் மாதிரியாக நின்றவரே இந்த ஜோவான்தான். 2008-ல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. ஜோவான் 2011-ல் இறந்தார். 2013 ஜனவரியில் மேல் கோர்ட் அதை மாற்றிற்று. 2001-ல் அவர்களுடைய வக்கீல் எழுதிய ஒரு கடிதமே ஒப்பந்தமாகிவிட்டதாம். அதே வருஷத்தில், 1992 கடுதாசியைக் காட்டி ஷஸ்டர் வாரிசுகளின் வழக்கையும் தள்ளினார்கள். சட்டம் ஒரு கதவைத் திறந்தால், அதன் சாவியும் ஏதோ ஒரு கடுதாசியாகக் கம்பெனியின் பெட்டியிலேயே கிடக்கிறது.

அந்த 412 டாலர் காசோலை 2012-ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று. பத்து சென்ட் விலையுள்ள முதல் புஸ்தகத்தின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. இந்தப் பணமெல்லாம் காசோலையையும் புஸ்தகத்தையும் கையில் வைத்திருந்தவர்களுக்கு.

அமெரிக்கச் சட்டப்படி 1938-ம் வருஷத்துக் கதைகளின் மேல் கம்பெனிக்குள்ள உரிமை 2033-ம் வருஷக் கடைசியோடு தீர்கிறது. 2034 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தச் சுரங்க முதலாளி கதையை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம், தமிழிலும் போடலாம். போடுகிறவர்கள் தலைப்பில் அந்த இரண்டு பெயர்களையும் எழுத்துப் பிழையில்லாமல் போடட்டும்.